மாப்பிள்ளை வீட்டு வண்டி

"பானட்டத் தொறங்க மச்சான்."

எதைக் கேட்கவே கூடாது என்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து அரியலூர் வரைக்கும் அப்பா ஓதிக்கொண்டு வந்தாரோ, அதைச் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டாள் வெற்றிச்செல்வி.

அப்பா பாவாடை மகளைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தார். சங்கடம் வந்தால் அவர் மரஞ்செடிகளைத்தான் பார்ப்பார்.

பிரேம்குமார் சிரித்தான். அக்கா கலைமணியின் வீட்டுக்காரன். நிலைப்படியில் தலை இடிக்காமல் வெளியே வர அவன் குனிய வேண்டும். போன வருஷம் முதுகில் டிஸ்க் விலகிப் படுத்ததிலிருந்து அந்தக் குனிவு கொஞ்சம் மெதுவாகிவிட்டது. வந்ததும் வராததுமாக வண்டியா, உள்ளே வந்து காப்பி குடி, வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது என்றான்.

"காப்பி குடிக்கிறேன் மச்சான். நீங்க தொறந்து வச்சிட்டு வாங்க."

சென்ற வாரக் காதுகுத்துக்குப் போயிருந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தின் வேர் தெரியும். பிரேம்குமாரின் தங்கை பரிமளா குழந்தைக்குக் காதுகுத்து. பந்தியில் பாவாடை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை எதிரில் வந்து நின்றான். வாடகைக்கு ஓடும் தன் காரை விற்கப் போவதாகவும், வெளியாளுக்குக் கொடுக்க மனசில்லை என்றும், மச்சினன் அறிவரசன்தான் லைசென்ஸ் எடுத்துவிட்டானே, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றும் சொன்னான். பந்தியே திரும்பிப் பார்த்தது. பாவாடை கை கழுவிவிட்டு வந்து, "எடுத்துக்கிட்டோம் மாப்ள" என்றார். யாரோ ஒருவர் தட்டிலிருந்த வெற்றிலை பாக்கைத் தூக்கி நடுவில் வைத்தார். மடியில் இருந்த மொய்ப் பணமே முன்பணமாக மாறியது.

எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை கொடுக்கும் வண்டியைப் பற்றிக் கேட்பது மாப்பிள்ளையைப் பற்றியே கேட்பது மாதிரி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் இது காசு கொடுத்து வாங்கும் மாடு.

காசு வெற்றிச்செல்வியுடையது. வாக்கு அப்பாவுடையது. வண்டி தம்பி அறிவரசனுக்கு. இந்த ஏற்பாட்டில் எந்த இடத்திலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ்ஸில் அப்பா சொன்னது இதுதான்: "நீ அங்க போயி பானட்டத் தொறன்னு நின்னா, நாளைக்கி ஒங்கக்கா அந்த வூட்டுல வாயத் தொறக்க முடியாது. பாத்துக்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டிலேயே முதல் பட்டதாரி அவள். பட்டம் வாங்கிக் கொடுத்த வேலை என்னவோ வண்டி பார்க்கும் வேலை. இன்சூரன்ஸ் காலாவதியான வண்டிகளை நேரில் போய்ப் பார்த்து, நாலாபக்கமும் படமெடுத்து, உடைசல் இருந்தால் எழுதி அனுப்ப வேண்டும். பூலாம்பாடியில் டிராக்டர், செட்டிகுளத்தில் வெங்காய வேன், லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்காரர்கள் ஊருக்கு வரும் மாதத்தில் மட்டும் உறை கழற்றும் கார்கள். ஸ்கூட்டரில் இறங்கிப் போனதுமே, "சார் வரலியா?" என்பார்கள். நான்தான் சார் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு தடித்துவிட்டது.

பிரேம்குமார் பானட்டைத் தூக்கினான்.

உள்ளேயிருந்து வெக்கை முகத்தில் அடித்தது. கார்த்திகைத் தூறல் காலையிலிருந்து விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. தெருவில் போகும் சுண்ணாம்புக்கல் லாரிகள் சிந்திவிட்டுப் போன தூள் நனைந்து, அரியலூரே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. அந்தக் குளிரில் இந்த எஞ்சின் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியாகக் கொதித்தது.

"எப்ப எடுத்தீங்க வண்டிய?"

வியாழக்கிழமை எடுத்தது, அப்புறம் தொடவேயில்லை என்றான்.

அன்றைக்கு ஞாயிறு.

"சுடுதே மச்சான்."

அவன் ஒரு கணம் வண்டியின் நெற்றியில் வைத்திருந்த சந்தனத்தைப் பார்த்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்கூட இருந்தது. "காலையில பூசை போட கொஞ்சம் நவுத்தினேன்" என்றான்.

நகர்த்திய வண்டிக்கு இந்தச் சூடு வராது. குறைந்தது பத்திருபது கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். வெற்றிச்செல்விக்கு இந்த வித்தை பழக்கம். தேய்ந்த டீசல் எஞ்சின் சூட்டில் ராஜா மாதிரி கிளம்பும். ஆறிவிட்டால்தான் அதன் வயசு தெரியும். அதனால் பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு விற்பவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைப்பார்கள். அக்கா புருஷன் தன்னிடமே இதைச் செய்கிறான் என்பதில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு தெளிவுதான் வந்தது.

"பானட்டு அப்படியே தொறந்து கெடக்கட்டும். ஆறுன பொறவு ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்" என்றாள்.

"அதுக்கு மத்தியானம் ஆயிடும் பாப்பா" என்றார் பாவாடை, முருங்கை மரத்திடம்.

"ஆவட்டும்ப்பா. ஞாயித்துக்கெழமதான."

தின்பண்டத் தட்டோடு வந்த சம்பூர்ணம், பிரேம்குமாரின் அம்மா, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பொண்ணு பாக்க வந்தப்பகூட நாங்க இம்மாஞ் சோதனை வைக்கலியே சம்பந்தி."

பாவாடை, இல்லைங்கம்மா, சின்னப் புள்ள, படிச்ச திமிரு என்று ஏதோ ஆரம்பித்தார்.

"வச்சீங்களே அத்தை" என்றாள் வெற்றிச்செல்வி. "ட்யூப்லைட்டுல செவப்பாத் தெரியுதுன்னு அக்காவ வாசல் வெயில்ல கொண்டாந்து நிக்க வச்சுப் பாத்தீங்க. நான் கூடத்தான நின்னேன்."

சம்பூர்ணம் முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

காப்பியோடு கலைமணி வந்தாள். தங்கையைப் பார்த்து ஏன்டி இப்படி என்பது போல் கண்ணைச் சுருக்கினாள். டம்ளரை நீட்டிய கையைத்தான் வெற்றிச்செல்வி பார்த்தாள். முழங்கைக்குக் கீழே வலது கை மட்டும் கறுத்துக் கிடந்தது. தட்டைப் பிடித்திருந்த இடது கை பழைய நிறத்திலேயே இருந்தது. தீபாவளிக்கு வந்தபோதே அம்மா கேட்டாள், என்னடி இது, நூறு நாள் வேலைக்குப் போறியா என்று. மாடியில் துணி காயப்போடுகிற வெயில் என்று கலைமணி சிரித்து மழுப்பினாள். ஒரு கையால் மட்டும் துணி காயப்போடுவார்களா என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இப்போதும் வெற்றிச்செல்விக்கு வண்டிதான் கண்ணில் நின்றது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது மீட்டர். குறைத்து வைத்திருக்கிறார்களா என்று பெடல் ரப்பரைப் பார்த்தாள். மீட்டர் சொன்ன அளவுக்குத் தேய்ந்திருந்தது. கதவு ரப்பரை உரித்து உள்தகட்டைத் தடவினாள். முன்பக்கம் இடிபட்டு ஒட்டவைத்த தடம் இல்லை. காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தாள், வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் சேற்று வாடை போகாது, அதுவும் இல்லை. பாயை விரித்துக்கொண்டு அடியில் படுத்தாள். டயர்கள் நாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஏர் ஃபில்டரைக் கழற்றினாள். அரியலூர் வண்டிகளில் அது சுண்ணாம்பு அப்பி அடைத்துக் கிடக்கும். இது தட்டித் துடைத்துச் சுத்தமாக இருந்தது, வீட்டில் அரிசி சலிக்கும் சல்லடையை வைத்திருப்பார்களே, அப்படி.

அவள் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததெல்லாம் ஒழுங்கு.

"யாரு மச்சான் ஓட்டுனது இத?"

அதான் ஆக்டிங் டிரைவர் போட்டிருந்தேனே என்றான் பிரேம்குமார். முதுகுவலியில் படுத்ததிலிருந்து வண்டியை நாள்கூலிக்கு வரும் ஒரு ஆக்டிங் டிரைவர்தான் ஓட்டுகிறார் என்பது பெரம்பலூருக்கும் தெரிந்த விஷயம். இப்போது அந்த ஆள் நின்றுவிட்டான், தனக்கும் சுண்ணாம்புச் சுரங்கத்தில் காண்டிராக்டரிடம் மேற்பார்வை வேலை கிடைத்துவிட்டது, அதான் விற்கிறேன் என்று பந்தியில் சொன்னதையே திரும்பச் சொன்னான்.

"நல்ல கை. இவ்வளவு ஓடுன வண்டிய இப்பிடி வச்சிக்க எல்லாருக்கும் வராது. அந்த ஆள விட்டுருக்கக் கூடாது நீங்க."

சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற கலைமணி உள்ளே போய்விட்டாள்.

மதியம் கோழிக் குழம்பு. பாவாடை தலை நிமிராமல் சாப்பிட்டார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் அது இன்னும் கொஞ்சம் இறங்கும். குழம்பில் உப்பு தூக்கல் என்று சம்பூர்ணம் இரண்டு தரம் சொன்னாள். கலைமணி யாருக்கும் இரண்டாம் தரம் குழம்பு ஊற்றவேயில்லை, மறந்துபோனாள்.

சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் வெற்றிச்செல்வி எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"இப்பப் போடுங்க மச்சான்."

பிரேம்குமார் உள்ளே ஏறி உட்காரவில்லை. முதுகைக் காப்பாற்றிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே நின்றபடியே ஒரு கையை நீட்டிச் சாவியைத் திருகினான். எஞ்சின் இழுத்தது, இருமியது, நின்றது. மறுபடி திருகினான். ஆட்டுக்குட்டி மாதிரி கத்திவிட்டு அடங்கியது. அவன் காது சிவந்தது. மூன்றாவது தரம் திருகக் கை வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த மஞ்ச லைட்டு அணையட்டுங்க. அப்பறம் திருகுங்க."

கலைமணி சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்துகொண்டாள். முந்தானையை இழுத்து வாயோரம் வைத்துக்கொண்டாள்.

பழைய டீசல் வண்டிகளில் சாவியைப் பாதி திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே சூடேறியதும் அணையும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். பொறுமை இல்லாதவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த வண்டியோடு தினமும் விடிகாலையில் மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் அந்த ஒரு மூச்சின் அருமை தெரியும்.

பிரேம்குமார் பாதி திருப்பி நிறுத்தினான். விளக்கு அணைந்தது. திருகினான். முதல் இழுப்பிலேயே வண்டி எழுந்து நின்றது.

சம்பூர்ணம் கோழிக்கு அரிசி போடப் போனாள். அந்த வீட்டில் இருந்த ஒரே கோழி சற்றுமுன்தான் குழம்பாகியிருந்தது.

"ஓட்டிப் பாக்கணும்" என்றாள் வெற்றிச்செல்வி. "அக்கா கூட வரட்டும்."

ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் சீட்டை முன்னுக்கு இழுக்க அடியில் கை விட்டாள். வேண்டியிருக்கவில்லை. கால் நேராக பிரேக்கில் போய் உட்கார்ந்தது. தலையைத் தூக்கினால் கண்ணாடியில் பின்னால் வரும் தெரு முழுதாகத் தெரிந்தது. ஆறடி ஆள் வைத்திருக்கும் வண்டி அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவள் அளவில் இந்த வீட்டில் இன்னொருத்தி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே பாவாடை தாவணியை இரண்டு பேரும் மாற்றி மாற்றி உடுத்தினார்கள்.

வண்டி செந்துறை ரோட்டுக்கு வந்தது. லாரி ஒன்று சேற்றுச் சுண்ணாம்பை வாரி அடித்துவிட்டுப் போனது. கலைமணியின் கை தன்னையறியாமல் முன்னால் நீண்டு, வைப்பர் குமிழுக்குப் பாதி வழியில் நின்றது.

"காலையில எங்கக்கா போன?"

கலைமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பின்தெரு அம்பிகாவுக்கு விடியக்காலையில் வலி எடுத்துவிட்டது. கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் நேரமாகிவிட்டது. சீட்டைத் தள்ளி வைக்க மறந்துபோனது.

அப்புறம் கேட்காமலே மற்றதும் வந்தது. அவர் படுத்தபோது வண்டித் தவணையும் மருந்துச் செலவும் கழுத்தைப் பிடித்தன. ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டார்கள்தான், முதல் வாரத்திலேயே டீசலைத் திருடினான். அதற்கு முன்பே கிரவுண்டில் வைத்து அவர் இவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்திருந்தார், சும்மா விளையாட்டுக்கு. அவனை நிறுத்திவிட்டு இவளே ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி சவாரிதான் அதிகம். பெண்கள் இவள் வண்டியென்றால் கூச்சமில்லாமல் ஏறுகிறார்கள். திருச்சி, தஞ்சாவூர், எல்லாம் போயிருக்கிறாள். பெரம்பலூர் சவாரி வந்தால் மட்டும் வேண்டாம் என்றுவிடுவாள். உங்க வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே கண்டிஷன்.

"விக்கப் போறாருன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"பந்தியில. எல்லாருக்கும் தெரிஞ்சப்பதான்." கலைமணி சிரித்தாள். "மோர் ஊத்திக்கிட்டு இருந்தேன்."

வெற்றிச்செல்வி வண்டியை ஓரம் கட்டினாள். "உனக்கு இந்த வண்டி வேணுமா வேணாமா? அத மட்டும் சொல்லு."

கலைமணி முன்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு, வேறு யாருடைய கேள்விக்கோ பதில் சொல்வது போலச் சொன்னாள்.

"அடுத்த மாசம் டைமிங் பெல்ட்டு மாத்தணும். அறிவுகிட்ட சொல்லிடு. ரிவர்ஸ் நேரா விழாது, ரெண்டாவது கியரப் போட்டுட்டுப் போடச் சொல்லு. மழையில எடது பக்கக் கண்ணாடிய எறக்க வேணாம், ஏறாது. ஏத்தத்துல அதட்டக் கூடாது அத. தானா ஏறும்."

புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணைப் பற்றிச் சொல்லி அனுப்புவது போல இருந்தது. கலைமணியைக் கட்டிக் கொடுத்தபோது அவளைப் பற்றி இவ்வளவு விவரம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வெற்றிச்செல்வி ரிவர்ஸ் எடுத்தாள். ரெண்டாவது கியரைப் போட்டுவிட்டுத்தான்.

அவர்கள் திரும்பியபோது வாசலில் பிரேம்குமார் நின்ற இடத்திலேயே நின்றான். பாவாடை கேட்டார்: "எப்பிடி இருக்கு பாப்பா?"

"நல்லா இருக்குப்பா. எடுத்துக்குவோம்."

பாவாடையின் தோள் கொஞ்சம் ஏறியது. இதுக்குத்தான் இம்மாம் பாடா என்றாள் சம்பூர்ணம். பிரேம்குமார் இன்னொரு சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். அவன் முகத்திலும் ஒரு நிம்மதி.

"பேரு என் பேருல மாத்திக் கொடுங்க மச்சான். காசு என்னுது."

மாற்றிக் கொள்ளட்டும், யார் பேரில் இருந்தால் என்ன, ஓட்டப் போவது அறிவுதானே என்றார் பாவாடை.

"அறிவு ஓட்டலப்பா. அவன் இப்பதான் லைசென்ஸு வாங்கியிருக்கான். இது ஆஸ்பத்திரிக்கு ஓடுற வண்டி. ஓட்டுன ஆளே ஓட்டட்டும்."

"அந்த ஆளு நின்னாச்சுன்னு சொன்னேன்ல" என்றான் பிரேம்குமார்.

"இன்னிக்கி விடியக்காலையிலகூட ஓட்டியிருக்கு மச்சான்."

பாவாடைக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூத்த மகளைப் பார்த்தார். அவள் கார் ஜன்னல் வெயிலில் கறுத்த வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

பிரேம்குமார் சத்தம் போடவில்லை. சத்தம் போடும் ஆள் இல்லை அவன். தரையைப் பார்த்துச் சொன்னான்: "நான் படுத்துக் கெடந்தேன். அவ ஓட்டினா. இல்லன்னு சொல்லல. இப்பதான் வேலை கெடச்சிருச்சே, இன்னும் எதுக்கு? பரிமளா வூட்டுக்காரன் பந்தியில வச்சிக் கேக்குறான், ஒம் பொண்டாட்டிக்குக் காக்கிச் சட்ட தச்சாச்சான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வண்டிய வித்துட்டேன்னு சொன்னேன்."

அப்போது வண்டியை விற்றிருக்கவில்லை. சொன்னதை உண்மையாக்கத்தான் நாலு எட்டு நடந்து மாமனார் இலைக்கு எதிரே போய் நின்றிருக்கிறான். வெற்றிச்செல்விக்கு அவன்மேல் இரக்கம் வர இருந்தது. அதை ஒத்திப் போட்டாள்.

"வித்துட்டீங்கல்ல. வித்த வண்டிய யாரு ஓட்டணும்னு வாங்குனவங்கதான் சொல்லணும். நான் எங்கக்காவ டிரைவரா வச்சிக்கிறேன். வண்டி அரியலூர்லயே ஓடட்டும். சம்பளம் உண்டு."

"எம் பொண்டாட்டி ஒனக்கு டிரைவரா?"

"ஒங்களுக்குச் சம்பளமில்லாத டிரைவரா இருந்தா மச்சான்."

சம்பூர்ணம் வாயைத் திறந்தாள். பிரேம்குமார் கையைக் காட்டி நிறுத்தினான். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் மாமா, இந்தப் பேச்சே வேண்டாம் என்றான். பணம் எடுக்க உள்ளே திரும்பவும் செய்தான்.

பாவாடை முருங்கை மரத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அதை விட்டு முகத்தைத் திருப்பினார்.

"அத்தன பேரு முன்னால வெத்தல பாக்கு வச்சி வாங்குனது மாப்ள" என்றார், கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதை குறையாமல். "திருப்பிக் கொடுக்குறதுன்னா அத்தன பேரயும் கூப்பிடணும். கூப்பிட்டு, ஏன்னும் சொல்லணும்."

பிரேம்குமார் நின்றான்.

பாவாடை கலைமணியிடம் கேட்டார். "ஓட்டத் தெரியுமாம்மா ஒனக்கு?"

"தெரியும்ப்பா."

"பெரம்பலூரு வரைக்கும் ஓட்டுவியா?"

"திருச்சி வரைக்கும் ஓட்டியிருக்கேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இருந்த வார்த்தைகளையெல்லாம் மாப்பிள்ளையிடம் செலவழித்துவிட்டார்.

"அவ ஓட்ட வர மாட்டா. வேணும்னா கேளுங்க" என்றான் பிரேம்குமார்.

வெற்றிச்செல்வி கேட்கவில்லை. புருஷன் முன்னால் கேட்டால் அக்கா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றவே காலம் முழுக்கச் செலவழிப்பாள் என்பதும் தெரியும். அப்பா அப்படித்தான். மச்சானும் அப்படித்தான். இந்தக் குடும்பத்தில் வாய்ச்சொல்லுக்கு யாரும் குறை வைத்ததில்லை.

சாவியை பானட்டின் மேல் வைத்தாள். தூறல் அதன்மேல் விழுந்தது.

"நாங்க பஸ் ஸ்டாண்டுக்கு நடக்குறோம்க்கா. வழியில வந்து ஏத்திக்கிட்டா இதுல போறோம். இல்லன்னா பஸ்ஸு."

செருப்பை மாட்டினாள். அப்பா பின்னால் வருகிறாரா என்று பார்க்கவில்லை. இழுத்து வைக்கும் அவர் நடைச் சத்தம் கேட்டது. அக்கா வந்தாலும் வராவிட்டாலும் பேர் மாற்றத்துக்கு அவள் நாளைக்கே போகப் போகிறாள். தம்பி கோபித்துக்கொள்வான், அம்மா அழுவாள். அதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு. ஓட்ட ஆளில்லை என்றால் வண்டி வாசலில் நிற்கட்டும். அந்தச் சீட்டை மட்டும் யாரும் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

தெருமுனை வந்தது. வெள்ளைச் சேற்றில் லாரித் தடத்தைத் தாண்டி மிதித்தாள்.

பின்னால் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

பாவாடை நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடந்தாள். எஞ்சின் இழுக்கும் என்று பார்த்தாள். இழுக்கவில்லை. இருமவும் இல்லை. தூறல் மட்டும் கேட்டது.

பிரேம்குமாராக இருந்தால் இந்நேரம் அந்த மஞ்சள் விளக்கைப் பார்க்காமலே சாவியைத் திருகியிருப்பான்.